பன்றிப் பண்ணைக்குச் சுகாதாரச் சான்று: 30 நாள் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்காவில் பன்றி வளர்ப்போர் தாமாக முன்வந்து சேரும் சுகாதாரச் சான்றுத் திட்டம் ஒன்று இருக்கிறது. முழுப்பெயர் 'யூ.எஸ். ஸ்வைன் ஹெல்த் இம்ப்ரூவ்மென்ட் பிளான்'. பண்ணைக்காரர்கள் சுருக்கமாக 'ஷிப்' என்பார்கள். குஞ்சுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற புல்லோரம் நோயை அடக்க 1935-இல் நடைமுறைக்கு வந்த தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டம்தான் இதற்கு முன்மாதிரி. பன்றிக்கான திட்டம் 2020-இல் மத்திய வேளாண் துறையின் பண உதவியோடு முன்னோட்டமாகத் தொடங்கியது. பண்ணைக்காரர்கள், இறைச்சி ஆலைகள், கால்நடை மருத்துவர்கள், மாநில அதிகாரிகள் அடங்கிய பேராளர் அவை ஆண்டுதோறும் கூடி விதிகளை வாக்கெடுத்து முடிவு செய்கிறது. பண்ணை பதிவு செய்வதும் சான்று வாங்குவதும் அந்தந்த மாநிலத்தில் இதற்கென அமர்த்திய முகமை வழியாக.

அமெரிக்காவில் கொடிய வைரஸ் நோயான ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் (ஏஎஸ்எஃப்) இதுவரை நுழைந்ததில்லை. வேறொரு வைரஸால் வரும் கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சலை (சிஎஸ்எஃப்) 1978-இல் ஒழித்துவிட்டார்கள். ஆனால் 2021 ஜூலையில் டொமினிகன் குடியரசில் ஆப்பிரிக்கக் காய்ச்சல் உறுதியானதும் அமெரிக்கக் கண்டமே அதன் எல்லைக்குள் வந்துவிட்டது. நம் பக்கம் 2020-இல் அசாம், அருணாசலப் பிரதேசத்தில் தொடங்கி, 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகள் வரை வந்து சேர்ந்தது. இந்த நோய்க்கு மருந்து கிடையாது. ஆகவே கீழே இருப்பது அமெரிக்கத் திட்டத்தை ஒட்டிய வழிகாட்டி என்றாலும், வேலை முறையில் பெரும்பகுதி எந்த ஊர்ப் பண்ணைக்கும் பொருந்தும்.

சான்று எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

ஷிப் தரும் முதல் சான்றின் பெயர் 'ஏஎஸ்எஃப்-சிஎஸ்எஃப் கண்காணிப்பில் உள்ளது'. 'நோயற்றது' என்று அதில் எங்கும் இல்லை. உயிர்ப் பாதுகாப்பு, நடமாட்டப் பதிவு, மாதிரிப் பரிசோதனை ஆகிய மூன்றிலும் குறிப்பிட்ட தகுதியை இந்தப் பண்ணை எட்டியிருக்கிறது என்பதே பொருள்.

டென்மார்க்கின் எஸ்பிஎஃப் (குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் அற்றது) முறை வேறு வகை. மைக்கோபிளாஸ்மா நுரையீரல் நோய், பிஆர்ஆர்எஸ் (இனப்பெருக்கத்தையும் மூச்சையும் பாதிக்கும் வைரஸ் நோய்), ரத்தக்கழிச்சல், சொறி, பேன் என்று பட்டியலிட்ட நோய்கள் இந்த மந்தையில் இருக்கின்றனவா இல்லையா என்றே அந்த முறை அறிவிக்கும். மைக்கோபிளாஸ்மா தொற்றிய மந்தையை 'எஸ்பிஎஃப் + மைக்' என்று வெளிப்படையாக எழுதிவிடுவார்கள்; வாங்குபவர் அதைப் பார்த்து முடிவெடுக்கலாம். நாட்டில் ஏற்கெனவே சுற்றும் நோய்களுக்கு அந்த வழி சரி. இன்னும் வராத நோய்க்குச் சான்று தருவதென்றால், வந்த அன்று என்ன செய்ய முடியும் என்பதைத்தான் சோதிக்க முடியும்.

நோய் உறுதியான அன்று என்ன நடக்கும்? உயிருள்ள பன்றிகளின் போக்குவரத்தை நாடு முழுக்கக் குறைந்தது 72 மணி நேரம் நிறுத்திவைப்பது அமெரிக்க அரசின் திட்டம். அந்த மூன்று நாளில் அதிகாரிகளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: நோய் கண்ட பண்ணையிலிருந்து எந்தப் பன்றி, எந்த நாளில், எங்கே போனது? சொல்ல முடிந்த பண்ணையைத் தொடர்புச் சங்கிலியிலிருந்து விலக்கலாம். சொல்ல முடியாத பண்ணையைச் சந்தேகப் பட்டியலில் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதனால்தான் கிருமிநாசினி வாங்குவதற்கு முன் கணக்குப் புத்தகத்தைச் சரிசெய்யச் சொல்கிறோம். வாசலில் கால் நனைக்கும் தொட்டி கட்டிவிட்டுச் சான்றுக்குத் தயார் என்று நினைக்கும் பண்ணைகள் பெரும்பாலும் பதிவேட்டில்தான் தடுமாறுகின்றன.

இட எண்

பன்றி இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஏழு எழுத்து-எண் கொண்ட இட அடையாள எண்ணை மாநிலக் கால்நடைத் துறை தருகிறது. பண்ணைக்காரருக்குத் தரும் எண் அல்ல அது, இடத்துக்கு உரியது. ஒருவருக்கு மூன்று ஊரில் கொட்டகை இருந்தால் மூன்று எண்.

இதில் அடிக்கடி நேரும் பிழை முகவரி. விண்ணப்பத்தில் கடிதம் வரும் வீட்டு முகவரியை எழுதிவிடுவார்கள். வரைபடத்தில் புள்ளி வீட்டின் மேல் விழும், கொட்டகை எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். நோய்க் காலத்தில் கட்டுப்பாட்டு வளையம் வரைவது அந்தப் புள்ளியை வைத்துத்தான். வளையத்துக்கு வெளியே இருக்க வேண்டிய பண்ணை உள்ளே மாட்டும். உள்ளே இருக்க வேண்டியது கண்ணில் படாமலே போகும். எண் வாங்கியதும் அட்சரேகை, தீர்க்கரேகையைச் செயற்கைக்கோள் வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். புள்ளி கொட்டகைக் கூரையில் விழ வேண்டும்.

ஆய்வகத்துக்குப் போகும் ஒவ்வொரு மாதிரிப் படிவத்திலும் இந்த எண்ணை எழுதப் பழகுங்கள். பண்ணை பெயர் மட்டும் எழுதினால், அதே பெயரில் வேறு பண்ணை இருந்தாலோ உரிமையாளர் மாறினாலோ, பல ஆண்டு நெகட்டிவ் முடிவுகள் உங்கள் கணக்கில் சேராமலே போய்விடும்.

30 நாள் நடமாட்டம்

திட்டம் கேட்பது இது: கடந்த 30 நாளில் பண்ணைக்கு வந்த, பண்ணையிலிருந்து போன எல்லாப் பன்றிகளின் விவரத்தையும் மின்னணுக் கோப்பாகத் தர முடியும் என்று காட்ட வேண்டும். எக்செலில் எழுதி சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரை) கோப்பாகச் சேமித்தால் போதும். அமெரிக்கத் தேசியப் பன்றி வாரியம் 2020-இல் 'ஆக்வியூ' என்ற இலவசச் செயலியை இதற்காகவே வெளியிட்டது.

ஒரு நகர்வுக்கு ஒரு வரி. தேதி, புறப்பட்ட இடத்தின் எண், சேர்ந்த இடத்தின் எண், எத்தனை தலை, எந்த வகை (பால் மறந்த குட்டி, வளரும் பன்றி, கழித்த தாய்ப்பன்றி, கிடா), எதற்காகப் போனது. இதோடு வண்டி எண், ஓட்டுநர், அந்த வண்டி கடைசியாகக் கழுவப்பட்ட நாள் ஆகியவற்றையும் எழுதி வையுங்கள். விசாரணை வரும்போது முதலில் கேட்கப்படுவது வண்டிதான்.

கோப்பு எங்கே கெடுகிறது என்று பார்ப்போம். இட எண் வர வேண்டிய கட்டத்தில் 'மேற்குக் கொட்டகை' என்று எழுதுவது முதல் பிழை. அடுத்தது தேதி: ஒருவர் நாள்-மாதம், இன்னொருவர் மாதம்-நாள் என்று எழுதினால் மார்ச் 4 ஏப்ரல் 3 ஆகிவிடும். எக்செல் அதைத் தவறென்றே காட்டாது. 2024-03-04 என்று ஆண்டு முன்னால் வரும்படி எல்லாரும் ஒரே வடிவில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. மூன்றாவது, இரண்டு மூன்று பன்றிகளாகப் போகும் சின்ன நகர்வுகள். ஆயிரம் குட்டி போன லாரி தவறாமல் பதிவாகும். பக்கத்துப் பண்ணைக்கு இரவல் போய் வந்த கிடா பதிவாகாது. நோய் பரப்புவதில் அந்தக் கிடாவுக்கு ஆயிரம் குட்டியைவிட அதிக வாய்ப்பு உண்டு.

கழித்த தாய்ப்பன்றிகளைத் தனியாகக் கவனியுங்கள். அமெரிக்காவில் இவை பெரும்பாலும் நேரே ஆலைக்குப் போவதில்லை. சேகரிப்பு நிலையம், அங்கிருந்து இன்னொரு நிலையம் என்று மாநிலம் தாண்டிச் சுற்றிவிட்டுத்தான் போய்ச் சேரும். உங்கள் வரியில் முதல் நிலையத்தின் எண் மட்டும் இருந்தால் போதும், ஆனால் அது கட்டாயம் இருக்க வேண்டும்.

கோப்பு சரியா என்று அறிய வாரம் ஒருமுறை கொட்டிலில் தலை எண்ணுங்கள். திங்கள் காலை இருப்பு 1,200. வந்தவை 640, போனவை 580, செத்தவை 14 என்றால் 1,246 இருக்க வேண்டும். எண்ணினால் 1,231 வருகிறதென்றால் 15 பன்றியின் கதை எங்கோ எழுதப்படவில்லை. பெரும்பாலும் செத்தவற்றின் கணக்கில் விட்டுப்போயிருக்கும், அல்லது லாரியில் ஏற்றிய எண்ணிக்கை கண்ணளவாக எழுதப்பட்டிருக்கும். எதுவானாலும் அந்த வாரமே தேடினால் கிடைக்கும், மாதக் கடைசியில் கிடைக்காது.

வரைபடமும் கோடும்

உயிர்ப் பாதுகாப்புக்கு ஷிப் தனியாகப் புது நூல் எழுதவில்லை. பதிவின்போது இடத்தின் நடைமுறைகளைப் பற்றி வினாத்தாள் தருகிறது. அதற்கு உண்மையாகப் பதில் எழுத வேண்டுமென்றால், அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உணவுப் பாதுகாப்பு மையம் உருவாக்கிய 'செக்யூர் போர்க் சப்ளை' திட்ட முறையில் வரைபடம் ஒன்று போட்டுவிடுங்கள். அதுவும் தன்விருப்பத் திட்டம்தான்.

செயற்கைக்கோள் படத்தை அச்சிட்டு அதன்மேல் இரண்டு கோடு வரையுங்கள். முதலாவது கொட்டகைகள், தீவனத் தொட்டிகள், அவற்றைச் சுற்றிய வேலைத் திடல் ஆகியவற்றை வளைக்கும் வெளி வளையம். இதற்குள் வரும் வண்டி கழுவிக் கிருமி நீக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இரண்டாவது பன்றி இருக்கும் கட்டடத்தை ஒட்டிய பிரிப்புக் கோடு. பன்றி, ஆள், பொருள் எது இதைக் கடந்தாலும் எழுதிவைத்த முறைப்படிதான் கடக்க வேண்டும். வண்டி நிறுத்துமிடம் வெளி வளையத்துக்கு வெளியே. செத்த பன்றியை எடுக்க வரும் வண்டியும் வெளியே நின்றுவிட வேண்டும். அது ஒரே நாளில் பல பண்ணைகளின் பிணங்களைத் தொட்டு வருவது. பிணம் போகும் பாதையைத் தீவன லாரி வரும் பாதையோடு குறுக்கிடாமல் வரையுங்கள். இடமில்லாத பண்ணையில் பாதையைப் பிரிக்க முடியாவிட்டால் நேரத்தைப் பிரியுங்கள்: தீவனம் காலையில், பிணம் மாலையில்.

தரையில் பெயின்ட் அடித்த கோட்டை யாரும் மதிப்பதில்லை. கடக்கும் இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பெஞ்சு கட்டுவது நல்லது. உட்கார்ந்து வெளிச் செருப்பைக் கழற்றி, கால் தரையில் படாமல் திரும்பி, உள்பக்க பூட்ஸைப் போட வேண்டும். பெஞ்சு தடுப்பதால் அவசரத்திலும் தாண்டிப் போக மனம் வராது. உள் உடை, பூட்ஸ் இரண்டும் வேறு நிறத்தில் இருந்தால் மீறல் தூரத்திலிருந்தே தெரியும்.

கால் நனைக்கும் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. சாணம் ஒட்டிய பூட்ஸை அதில் முக்கி எடுப்பதால் பயன் மிகக் குறைவு. கிருமிநாசினி சாணத்திலேயே தீர்ந்துவிடும். தேய்த்துக் கழுவிய பூட்ஸுக்குத்தான் அது வேலை செய்யும். தேய்க்கப் பிரஷும் குழாயும் இல்லாத இடத்தில் தொட்டி வைப்பதைவிட, வைக்காமல் பெஞ்சு கட்டுவது மேல்.

வேலியையும் பாருங்கள். டெக்சஸ், ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் காட்டில் திரியும் பன்றிகள் ஏராளம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரப் பண்ணைகளுக்கும் அதே கதை. மூக்கோடு மூக்கு உரசும் வாய்ப்பைத் தடுக்க ஒற்றை வேலி போதாது. நடுவே இடைவெளி விட்ட இரண்டு வேலி வேண்டும்.

லாரி

2013-இல் பன்றிக் கழிச்சல் நோயான பிஇடி அமெரிக்காவில் நுழைந்தபோது, வெட்டுமிடத்துக்குச் சுத்தமாக வந்த லாரிகளில் ஒரு பகுதி இறக்குமிடத்திலேயே கிருமியை ஏற்றிக்கொண்டு திரும்பியது மாதிரிச் சோதனையில் தெரிந்தது. பன்றியை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டியே ஆபத்தான வண்டி. ஓட்டுநர் இறங்கி நின்ற தரை, அவருடைய பூட்ஸ், அவர் திரும்ப ஏறிய கேபின் என்று கிருமி தொடரும். கேபினைக் கழுவுபவர் அரிது.

கழுவும் வரிசை மாறக்கூடாது:

1. மரத்தூள், சாணம், வைக்கோல் எல்லாவற்றையும் உலர்ந்த நிலையிலேயே சுரண்டி வெளியே தள்ளவும்.
2. சோப்பு நுரை அடித்துக் குறைந்தது பத்து நிமிடம் ஊறவிடவும். கொழுப்பும் சாணமும் சேர்ந்த படலம் வெறும் தண்ணீருக்கு விடாது.
3. உள்கூரையிலிருந்து கீழ்நோக்கி, முன்பக்கத்திலிருந்து பின்கதவு நோக்கி, அழுத்தத் தண்ணீரால் கழுவவும்.
4. தண்ணீர் தேங்காமல் சாய்வாக நிறுத்தி வடியவிடவும்.
5. கிருமிநாசினி தெளித்து, லேபிளில் சொன்ன நேரம் ஈரமாகவே வைத்திருக்கவும்.
6. முழுதும் உலரவிடவும்.

நான்காவது படியைத் தாண்டிவிடுவது வழக்கமான தவறு. தரையில் நிற்கும் தண்ணீர் ஐந்தாவது படிக் கரைசலைப் பாதியாக நீர்த்துவிடும். லேபிள்படி கலந்தும் பலனில்லாமல் போவது இதனால்தான்.

எந்த மருந்து? ஒரு லிட்டருக்கு 8 கிராம் காஸ்டிக் சோடா கலந்த கரைசல் 30 நிமிடத்தில் ஆப்பிரிக்கக் காய்ச்சல் வைரஸைச் செயலிழக்கச் செய்யும். 100 லிட்டர் டிரம்முக்கு 800 கிராம். சிமென்ட் தரைக்கு மலிவான வழி. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. ஆனால் அலுமினிய லாரிப் பெட்டியில் இதை அடித்தால் உலோகத்தை அரித்துவிடும். அதற்குப் பொட்டாசியம் பெராக்ஸிமோனோசல்பேட் வகை மருந்தை 1 சதவீதக் கரைசலாக, அதாவது லிட்டருக்கு 10 கிராம், பயன்படுத்தலாம். அயோவாக் குளிரில் கரைசல் தெளித்த உடனே உறைந்துவிடும் என்பதால் புரொபைலீன் கிளைக்கால் சேர்ப்பார்கள். வசதியுள்ள நிறுவனங்கள் லாரியைச் சூடான அறையில் நிறுத்தி 71 டிகிரி செல்சியஸில் காயவைக்கின்றன.

ஏற்றுமிடத்தில் ஓட்டுநர் வண்டிக்குள்ளேயே நிற்க வேண்டும், பண்ணை ஆள் கொட்டகைச் சரிவுப் பாதையிலேயே நிற்க வேண்டும். நடுவில் ஒரு பகுதியை யாருக்கும் சொந்தமில்லாததாக வைத்து, வேலை முடிந்ததும் அதை மட்டும் கழுவுவது நடைமுறையில் நன்றாக ஓடுகிறது. சரிவுப் பாதையின் தண்ணீர் கொட்டகைப் பக்கம் ஓடாதபடி சாய்வு இருக்கட்டும். வண்டியில் ஏறிய பன்றி எதற்காகவும் திரும்பி வரக்கூடாது. எடை குறைவு என்று ஓட்டுநர் திருப்பி விட்ட ஒரு பன்றி அன்றைய உழைப்பு முழுவதையும் வீணாக்கும்.

தீவனம்

இறைச்சி கலந்த எச்சில் உணவு போடும் இடத்துக்கு இந்தச் சான்று பொருந்தாது. 1980-இல் வந்த அமெரிக்கச் சட்டம் அத்தகைய கழிவை 100 டிகிரியில் 30 நிமிடம் கொதிக்கவைத்துப் போடலாம் என்று உரிமம் தருகிறது. சான்றுத் திட்டம் அதைவிடக் கடுமை காட்டுகிறது. தமிழ்நாட்டில் ஹோட்டல் கழிவை நம்பி நடக்கும் பண்ணைகள் பல. கைவிடச் சொன்னால் தொழிலே நின்றுவிடும். அவர்கள் குறைந்தபட்சம் கொதி வந்த பிறகு 30 நிமிடம், கிளறிக்கொண்டே, என்று நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். பெரிய டிரம்மின் ஓரம் கொதிக்கும்போது நடுவில் எலும்போடு கிடக்கும் கட்டி வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். கழிவு வந்த வாளியும் வெந்தது போகும் வாளியும் வேறு வேறாக இருக்கட்டும். வேலையாட்கள் பன்றி இறைச்சிச் சாப்பாட்டைக் கொட்டகைப் பக்கம் கொண்டுவரத் தடை போடுங்கள். உறைந்த இறைச்சியிலும் உப்பிட்டு உலர்த்தியதிலும் வைரஸ் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும்.

மாதிரி எடுத்தல்

மருத்துவர்கள் எல்லாப் பண்ணைக்கும் ஒரே நாளில் போக முடியாது என்பதால், பண்ணை ஆட்களுக்கே மாதிரி எடுக்கப் பயிற்சி தந்து சான்று வழங்கும் திட்டம் அமெரிக்காவில் உண்டு. நோய் வருவதற்கு முன்பே பழகிக்கொள்வதுதான் இதன் நோக்கம்.

பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும்) சோதனைக்கான ரத்தத்தை ஊதா மூடி கொண்ட ஈடிடிஏ (ரத்தம் கட்டாமல் தடுக்கும் பொருள்) குழாயில் எடுக்க வேண்டும். ஹெப்பாரின் குழாய் பிசிஆரையே தடுத்துவிடும். குழாயை மெதுவாக எட்டுப் பத்து முறை கவிழ்த்துக் கலக்கவும். குலுக்கினால் அணுக்கள் உடையும். ஈடிடிஏ ரத்தத்தை உறைய வைக்காமல் 4 டிகிரியில் ஐஸ்பெட்டியில் அனுப்புங்கள். வாய்நீர் மாதிரிக்குப் பருத்திக் கயிற்றைப் பன்றியின் தோள் உயரத்தில் 20 முதல் 30 நிமிடம் தொங்கவிட்டு, மென்ற நுனியை பிளாஸ்டிக் பைக்குள் பிழிந்து குழாயில் ஊற்ற வேண்டும். நைலான் கயிறு நீரை உறிஞ்சாது. நோயுற்ற பன்றி கயிற்றருகே வராது என்பதையும் நினைவில் வையுங்கள்: காய்ச்சலோடு மூலையில் படுத்திருப்பதிலிருந்து ரத்தம் எடுக்காமல், ஓடியாடுவதன் வாய்நீரை மட்டும் அனுப்பினால் நெகட்டிவ் வரத்தான் செய்யும்.

திடீர்ச் சாவு, காது சிவப்பது அல்லது நீலமாவது, 41 டிகிரிக்கு மேல் காய்ச்சல் என்று சேர்ந்து கண்டால் பிணத்தைப் பண்ணையில் அறுத்துப் பார்க்காதீர்கள். ரத்தத்தில் வைரஸ் மிகுதி. அது தரையில் வழிந்தால் கொட்டகை முழுவதும் பரவும். அரசு மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, வண்டி எதுவும் உள்ளேயும் வெளியேயும் போகாமல் நிறுத்திவையுங்கள்.

ஒத்திகை

முகமைக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு முறை, அதன்பின் அரையாண்டுக்கு ஒருமுறை ஒத்திகை பாருங்கள். கணக்கு எழுதாத ஒருவர் ஏதாவது ஒரு தேதியைச் சொல்லட்டும். அந்தத் தேதிக்கு முந்தைய 30 நாள் கோப்பு, பண்ணை வரைபடம், கடைசிப் பத்து வண்டிகளின் கழுவுச் சீட்டு, ஆய்வக முடிவுகள் ஆகிய நான்கும் அன்று மாலைக்குள் மின்னஞ்சலில் போய்ச் சேர வேண்டும். மூன்று நாள் ஆகும் என்றால் போக்குவரத்துத் தடை முழுவதும் தேடுவதிலேயே கழியும். கோப்பைத் திறந்து ஏதாவது ஐந்து வரிகளை எடுத்து, எதிர்முனைப் பண்ணையின் பதிவோடு ஒப்பிடுங்கள். நீங்கள் அனுப்பியதும் அவர்கள் பெற்றதும் தேதியிலும் தலையெண்ணிக்கையிலும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத வரி கண்டால் இருவரும் பேசி ஏற்றுச்சீட்டைப் பார்த்துத் திருத்துங்கள், திருத்திய நாளையும் எழுதுங்கள்.

ஒத்திகையை உரிமையாளர் ஊரில் இல்லாத நாளில் வையுங்கள். கணினிக் கடவுச்சொல் ஒருவருக்கு மட்டுமே தெரியும் என்பது அன்றுதான் வெளிவரும். இரண்டாமவர் ஒருவருக்கும் அதைத் தந்துவிட்டு, கோப்பின் நகலொன்றைப் பண்ணைக்கு வெளியே வைத்துவிடுங்கள்.